அரிய துவக்குகள் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

கைத்துப்பாக்கி சேகரிப்போர் தம்மிடமுள்ள மிக அரியதை எடுத்துக்காட்டி, அதன் வரலாற்றைச் சொல்லி மகிழ்வது மேலைநாடுகளில் நெடுநாள் வழக்கம். அமெரிக்காவில் அதற்கென்றே சங்கங்களும் கண்காட்சிகளும் ஏல நிறுவனங்களும் இருக்கின்றன. கொழும்பில் அப்படியொரு கூட்டத்தை எண்ணிப்பார்க்கவும் இயலாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டு அலுமாரியில் பழைய கைத்துப்பாக்கி ஒன்று இருப்பது தெரியவந்தால், அது எந்த நூற்றாண்டுக்குரியது என்று எவரும் கேட்கப்போவதில்லை. அந்த வீட்டார் யார், எந்த ஊர், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகளே முதலில் வரும்.

அதனால் இந்த நாட்டில் அரிய சுடுகலன்கள் இல்லை என்றாகிவிடாது. உலகின் எந்தச் சேகரிப்பாளரும் கண்டு வியக்கத்தக்கவை இங்கே உருவாகின, கொள்ளை போயின, அவற்றுள் சில 2023இல் திரும்பியும் வந்தன. வேறு சில, போரும் வன்முறையும் விட்டுச்சென்ற சான்றுகளாக அரசின் களஞ்சியங்களுக்குள் போய்ச் சேர்ந்தன. இவற்றை யார் வைத்திருக்க வேண்டும், யாருக்கு எப்படிக் காட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி. ஒரு துவக்கின் அருமை அதன் இரும்பிலும் வெள்ளியிலும் இருப்பதைவிட, அது கைமாறி வந்த பாதையின் பதிவிலேயே கூடுதலாக இருக்கிறது. அந்தப் பாதை பொதுமக்களுக்கு உரியது. ஆகவே நம்மைப்போல நெடும்போரைக் கண்ட நாட்டில் அரிய துவக்கின் இடம் தனியார் பெட்டகம் அன்று, பொது நூதனசாலையே என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வரும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

அருமை எவ்வாறு அளக்கப்படுகிறது

சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது எத்தனை உருவாக்கப்பட்டன என்பதை. சாமுவேல் கோல்ட் 1847இல் அமெரிக்கப் படைக்காகச் செய்த ‘வோக்கர்’ சுழல்துப்பாக்கி ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ளது. மொத்தம் சுமார் 1,100 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று 2018இல் அமெரிக்க ஏலமொன்றில் 18 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்குப் போனது. இங்கிலாந்தின் கபெட்-ஃபேர்ஃபாக்ஸ் வடிவமைத்த ‘மார்ஸ்’ தானியங்கிக் கைத்துப்பாக்கி இதைவிட அரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 80 மட்டுமே வெளிவந்தன. பின்னுதைப்பின் கடுமையால் படையினர் அதை ஏற்கவில்லை. அன்று தோல்வியடைந்ததே இன்று அதன் விலைக்குக் காரணம்.

அடுத்தது மாறாத்தன்மை. ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கியில் பல உறுப்புகளிலும் தொடரிலக்கத்தின் இறுதி இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை எல்லாம் ஒத்திருந்தால் ஒரு விலை. ஓர் உறுப்பு வேறொன்றிலிருந்து வந்திருந்தால் வேறு விலை. நூற்றாண்டுத் துருவைச் சுரண்டி மெருகூட்டினால் துவக்கு புதிதுபோல மின்னும். மதிப்போ பெருமளவு போய்விடும். குழலில் இருந்த முத்திரை, பிடியில் இருந்த தேய்மானம், யாரோ கீறிய பெயரெழுத்து என எல்லாச் சாட்சியங்களும் அந்த மெருகூட்டலோடு அழிந்துவிடுவதே அதற்குக் காரணம்.

மூன்றாவது ஆவணம். கோல்ட் நிறுவனம் தன் பழைய ஏடுகளைப் பார்த்து, இந்தத் தொடரிலக்கமுள்ள துப்பாக்கி இந்தத் திகதியில் இந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தரும். அந்த ஒரு தாள் விலையைப் பன்மடங்காக்கக் கூடும்.

நான்காவதும் மிக முக்கியமானதும் அது யார் கையில் இருந்தது என்பது. 2021 ஓகஸ்டில் ‘பில்லி த கிட்’ என்ற கொள்ளையனை 1881இல் சுட்ட ஷெரீஃப் பாட் காரெட்டின் கோல்ட் துப்பாக்கி 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. அந்த வகைத் துப்பாக்கியின் முதல் தலைமுறையில் மட்டும் மூன்றரை இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாகியிருந்தன. எண்ணிக்கையில் அது அரியது அன்று. ஒரு மனிதனைக் கொன்றது என்ற செய்தியே அந்த விலையைக் கொடுத்தது. சேகரிப்பாளரின் இந்த நான்கு அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால், விலைமதிப்பின் பெரும்பகுதி பொருளுக்கு வெளியே, அதைப் பற்றிய அறிவில் இருப்பது தெளிவாகிறது. அறிவு அழிந்தால் எஞ்சுவது பழைய இரும்பு.

பிற நாடுகள் கண்ட வழிகள்

அமெரிக்கச் சட்டம் காலத்தை எல்லையாக வைக்கிறது. 1968ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவை பழம்பொருள். கூட்டாட்சிச் சட்டத்தின் வழமையான கட்டுப்பாடுகள் அவற்றைத் தொடுவதில்லை. 50 ஆண்டுக்கு மேற்பட்டவற்றைச் சேகரிப்போருக்குத் தனி அனுமதிப்பத்திரமும் உண்டு. தனியார் உரிமையே அங்கே அடிப்படை. அந்த ஏற்பாட்டால் ஆழமான நூல்களும் நுணுக்கமான ஆய்வுகளும் பிறந்தன என்பதை மறுக்க முடியாது. பல மாதிரிகளைப் பற்றிய நம்பத்தக்க அறிவு, சேகரிப்பாளர் ஒருவருக்கொருவர் காட்டி ஒப்பிட்டுப் பார்த்ததால் வந்ததே.

பிரித்தானியாவின் வழி நமக்கு நெருக்கமான பாடம் தருகிறது. 1996 மார்ச் 13 அன்று ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 16 சிறுவர்களும் ஓர் ஆசிரியையும் கைத்துப்பாக்கியால் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டே பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. ஏறத்தாழ 1,62,000 துப்பாக்கிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. துயரம் பெரிதாக இருந்தும், அந்தச் சட்டம் வரலாற்றை மறக்கவில்லை. 1919க்கு முன் செய்யப்பட்டு, தோட்டா எளிதில் கிடைக்காத வகைகளுக்கு ஒரு விலக்கு இருந்தது. அதற்கு அப்பால், தனித்த அருமையோ வரலாற்று முக்கியத்துவமோ உள்ளவற்றை உரிமையாளர் வைத்திருக்கலாம். ஆனால் வீட்டில் அன்று, அரசு குறித்துக்கொடுத்த பாதுகாப்பான இடமொன்றில். இங்கிலாந்தின் பிஸ்லி சூட்டுத்திடல் அத்தகைய இடங்களுள் ஒன்று. உரிமையையும் இருப்பிடத்தையும் இப்படிப் பிரித்த இந்த ஏற்பாட்டுக்குக் கட்டுரையின் இறுதியில் திரும்பி வருவேன்.

பிரான்ஸ் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. 1814இல் முடிதுறக்க நேர்ந்த நெப்போலியன் தன் உயிரை மாய்க்க எண்ணிய வேளையில் அவரிடமிருந்ததாகக் கூறப்படும் கைத்துப்பாக்கி இணை 2024 ஜூலையில் ஏலத்துக்கு வந்து 16 இலட்சத்து 90 ஆயிரம் யூரோவுக்கு விற்பனையானது. ஏலத்துக்குச் சற்று முன்னரே பிரெஞ்சு அரசு அதைத் தேசியச் செல்வமாக அறிவித்தது. அதனால் வாங்கியவர் நிரந்தரமாக நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அரசு விலைபேசி வாங்குவதற்கும் அவகாசம் கிடைத்தது. தனியார் கையில் இருக்கும் பொருளிலும் பொதுமக்களுக்கு ஒரு பங்கு உண்டு என்பதே அந்த அறிவிப்பின் பொருள்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழமைப் பெறுமதி கொண்டு, பழுதுபார்த்தாலும் சுடமுடியாத ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஜமீன் குடும்பங்களும் பழைய அரச குடும்பங்களும் அதனால் கவலையடைந்தன. அந்த விவாதமே பரம்பரைச் சொத்தாக வந்த துவக்குகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணமும் தஞ்சாவூரும்

தென்னாசியாவின் மிக அரிய கைத்துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுவோர் திப்பு சுல்தானைத் தவிர்த்துச் செல்ல முடியாது. ஹைதர் அலி 1755இல் திண்டுக்கல்லில் பிரெஞ்சுக்காரரின் உதவியோடு ஆயுதசாலை அமைத்தார். மகன் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறைகளில் அந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுசென்றார். சக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் அவருடைய கைத்துப்பாக்கிகளில் வெள்ளிப் பூண், புலித்தலை, புலிவரிக் கோலம், அவரே வகுத்த ஆண்டுக்கணக்கு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். 1799 மே 4 அன்று அவர் வீழ்ந்ததும் அரண்மனைப் பொருள்களைக் கிழக்கிந்தியக் கம்பனியின் படை பங்குபோட்டது. பிரித்தானிய மாளிகைகளில் இரண்டு நூற்றாண்டு கிடந்த அவை இன்று இலண்டன் ஏலங்களில் வெளிவருகின்றன.

ரொபின் விகிங்டன் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் திப்புவின் துவக்குகளைத் தேடிச் சேர்த்து, 1992இல் அவற்றைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். அவருடைய தொகுப்பிலிருந்து 30 பொருள்கள் 2015 ஏப்ரலில் 60 இலட்சம் பவுணுக்கு மேல் விற்பனையாகின. விகிங்டன் இல்லாவிட்டால் திப்புவின் பட்டறைகளைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திராது. சேகரிப்பாளரின் உழைப்புக்கு இந்த நன்றியை நான் மனமாரச் சொல்கிறேன். ஆனால் ஒரே கூரையின் கீழ் ஒப்பிட்டு ஆராயக்கூடியதாக இருந்த தொகுப்பு ஒரே நாளில் பல கைகளுக்குச் சிதறியதும் அதே கதையின் மறுபாதி. தனியார் சேகரிப்பின் ஆயுள் பெரும்பாலும் சேகரித்தவரின் ஆயுளோடு முடிந்துவிடுகிறது.

தஞ்சாவூருக்கு ஏலக்காரர்கூட வாய்க்கவில்லை. நாயக்கரும் மராத்தியரும் பல தலைமுறைகளாகச் சேர்த்த அரண்மனை ஆயுதசாலை, அரசு கம்பனியிடம் போனபின் கலைக்கப்பட்டது. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தெரிந்தெடுத்த சிறு பங்கு சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தச் சிறு பங்கை வைத்தே ரொபர்ட் எல்குட் 2004இல் தென்னிந்திய ஆயுதங்களைப் பற்றிய முக்கியமான நூலை எழுத முடிந்தது. ஓர் அருங்காட்சியகம் மீட்டெடுத்த சில பெட்டிகள், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு துறையையே திறந்துவிட்டன.

இந்திய விடுதலைப் போரின் கைத்துப்பாக்கிகள் வேறோர் உண்மையை உணர்த்துகின்றன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்தியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். சந்திரசேகர் ஆசாத்தின் கோல்ட் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் பொலிஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட பகத்சிங் பயன்படுத்திய .32 கோல்ட்டின் கதை இன்னும் வியப்பானது. அது இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் நூதனசாலையில் பல ஆண்டுகள் பெயர் தெரியாமல் கிடந்தது. தொடரிலக்கம் வர்ணப்பூச்சுக்குள் மறைந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பூச்சை அகற்றியபோது 168896 என்ற இலக்கம் தெரிந்தது. லாகூர் வழக்கின் பதிவோடு அது பொருந்தியது. அதுவரை எவரும் திரும்பிப் பார்க்காத கருவி அன்று முதல் வரலாற்றுச் சான்றானது. ஒரு வழக்கேட்டில் ஓர் எழுத்தர் எழுதிவைத்த ஆறு இலக்கங்கள் இல்லாவிட்டால், அந்தத் துப்பாக்கி எத்தனையோ கோல்ட்டுகளுள் ஒன்றாகவே இருந்திருக்கும்.

கண்டியின் கைவண்ணம்

போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் இறங்கியபோது துவக்கும் கூடவே வந்தது. இங்குள்ள கொல்லர் அதை விரைவில் கற்று, தமக்கென ஒரு பாணியையும் உருவாக்கிக்கொண்டார்கள். கண்டிப் பாணித் துவக்கை எந்த அருங்காட்சியகத்திலும் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். ஐரோப்பியத் துவக்குகளில் சுடுபொறி வலப்பக்கத்தில் இருக்க, இதில் இடப்பக்கத்தில் இருக்கும். அடிக்கட்டை இரட்டைச் சுருளாக விரிந்து முடியும். குழலிலும் கட்டையிலும் வெள்ளியும் பித்தளையும் தந்தமும் பதித்துக் கொடியும் பூவும் இழைத்திருப்பார்கள். எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை நீள்துவக்குகளே. இதே பாணியில் அமைந்த கைத்துப்பாக்கிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. உலகச் சேகரிப்பாளர் அவற்றைத் தேடி அலைவது அதனாலேயே.

கண்டிக் கம்மாளரின் வேலைத்திறனை உலகுக்கு எடுத்துச்சொன்னவர் கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி. 1908இல் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற நூல் 425 பிரதிகளே அச்சிடப்பட்டது. கொல்லரும் தட்டாரும் தந்த வேலைக்காரரும் எந்தக் கருவிகளால், எந்தச் சமூக ஒழுங்கில் தொழில் செய்தனர் என்பதை அவர் கைவினைஞரிடமே கேட்டு எழுதினார். அருமையான பொருளைச் செய்த கையை மறக்கக்கூடாது என்ற அவருடைய பார்வை, சேகரிப்பாளரின் விலைப்பட்டியல் தவறவிடும் ஒன்றை நமக்குத் தருகிறது.

கண்டியின் பொருள்கள் நாடுகடந்த கதை 1765க்குரியது. மதுரை நாயக்கர் உறவில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அப்போது அரசன். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநர் லுபர்ட் யான் வான் எக் அந்த ஆண்டு பெப்ரவரியில் படையோடு கண்டிக்குள் நுழைந்தார். அரண்மனை சூறையாடப்பட்டது. சில வாரங்களில் வான் எக் கொழும்பில் இறந்தார். கொள்ளைப் பொருள்கள் கப்பலேறின. கொட்டாஞ்சேனையை அடுத்து மேட்டில் நிற்கும் வொல்வெண்டால் தேவாலயம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1757இல், கட்டி முடிக்கப்பட்டது. ஒல்லாந்த ஆளுநர்களின் கல்லறைக் கற்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. அந்தத் தேவாலயத்தைக் கடந்து நாளாந்தம் வேலைக்குப் போகும் கொட்டாஞ்சேனைவாசிக்குக் கண்டிக் கொள்ளை தூரத்துச் செய்தி அன்று. அதை நடத்திய ஆட்சியின் தலைநகரில்தான் அவர் வாழ்கிறார்.

கொள்ளைபோனவற்றுள் புகழ்பெற்றது லெவ்கே திசாவையின் பீரங்கி. 1740களின் நடுப்பகுதியில் லெவ்கே என்ற திசாவை, அதாவது மாகாண அதிகாரி, கண்டியரசனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. வெண்கலத்தில் வெள்ளியும் தங்கமும் இழைத்து, மாணிக்கக் கற்கள் பதித்த சிறு பீரங்கி. சூரியனும் சந்திரனும் சிங்கமும் அதன் அணிகள். ஆம்ஸ்ரர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் அது நெடுங்காலம் இருந்தது. இலங்கை அதைக் கேட்பதை நிறுத்தவில்லை. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. எச். டி. எச். டி சில்வா, வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தொல்பொருள்களின் பட்டியலைத் திரட்டி 1975இல் வெளியிட்டார். பிற்கால மீட்பு முயற்சிகளுக்கெல்லாம் அந்தப் பட்டியலே அடித்தளம். பின்னர் நெதர்லாந்தின் ஆய்வாளர்கள் இலங்கை அறிஞரோடு சேர்ந்து ஒவ்வொரு பொருளின் வருகைப்பாதையையும் ஆராய்ந்தார்கள். 2023 ஜூலையில் நெதர்லாந்து அரசு ஆறு பொருள்களைத் திருப்பித்தர முடிவுசெய்தது. பீரங்கி, பொன் கஸ்தானை வாள், வெள்ளிக் கஸ்தானை வாள், ஒரு கத்தி, ‘மகா துவக்கு’ எனப்படும் இரண்டு பெருந்துவக்குகள் ஆகிய ஆறும் அந்த ஆண்டு டிசம்பரில் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்துசேர்ந்தன.

அவை திரும்பி வந்ததற்குக் காரணம் பணமும் படைபலமும் அல்ல. எங்கே இருந்தது, யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்பதைக் காட்டிய ஆவணமே அவற்றை மீட்டுத் தந்தது. அவை தனியார் பெட்டகம் ஒன்றில் இருந்திருந்தால் ஆய்வாளர் அணுகியிருக்க முடியாது. எந்த அரசும் பொறுப்பேற்றிருக்காது.

இலங்கைச் சட்டமும் கொழும்பு வாழ்க்கையும்

நம் நாட்டில் பழைய துவக்கொன்றை இரண்டு சட்டங்கள் இரு பக்கத்திலிருந்து பார்க்கின்றன. 1915 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு வந்த 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் அதை ஆயுதமாகக் காண்கிறது. அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, ஆண்டுக்காண்டு புதுப்பிக்கவேண்டியது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டமோ 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முற்பட்ட பொருளைத் தொல்பொருளாகக் காண்கிறது. அதை அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. 1988ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது.

இந்த 1815 என்ற கோடு கைத்துப்பாக்கியின் வரலாற்றோடு பொருந்தவில்லை. சுழல்துப்பாக்கி, உலோகத் தோட்டா, தானியங்கி ஆகியவை எல்லாம் அதற்குப் பின்னரே பரவலாயின. 1887இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட வெப்லி சுழல்துப்பாக்கி இங்கே அதிகாரிகளோடும் தோட்டத் துரைமாரோடும் வந்தது. அது நூறு ஆண்டு தாண்டியும் நம் தொல்பொருட் சட்டத்தின் கண்ணில் படாது; பெரும்பாலும் ஆயுதம் என்ற பெயரிலேயே அரசு அதை அறியும்.

சட்டத்தைவிட வலியது அனுபவம். 1971 கிளர்ச்சியிலும் 1987 முதல் 1989 வரையான காலத்திலும் வீடுகளிலிருந்த அனுமதிபெற்ற துவக்குகள் கிளர்ச்சியாளர் கைக்குப் போயின. வடகிழக்கிலும் வேட்டைத் துவக்குகளை ஆயுத இயக்கங்கள் சேகரித்துக்கொண்டன. வன்னிக் கிராமங்களில் பன்றியை விரட்ட வைத்திருந்த இடியன் துவக்கும் ஒரு குடும்பத்தை மாட்டிவிடக்கூடிய பொருளாயிற்று. கொழும்புத் தமிழரின் நிலை இன்னும் நுண்மையானது. 1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்ததைக் கண்ட தலைமுறை, அதன்பின் கால்நூற்றாண்டு சோதனைச்சாவடி, வீட்டுச்சோதனை, பொலிஸ் பதிவு என்று வாழ்ந்தது. 2007 ஜூன் 7 அன்று விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. இப்படிப்பட்ட ஊரில் பாட்டனார் விட்டுச்சென்ற துருப்பிடித்த கைத்துப்பாக்கியை வரலாற்றுப் பொருளென்று நினைக்க எவருக்கு மனம் வரும்? கடலில் எறிவதோ மண்ணில் புதைப்பதோதான் அறிவுடைமையாகத் தோன்றியிருக்கும். எழுதப்படாத அழிவு அது.

இன்றைய நிலையும் இலகுவானதன்று. பாதாளக் குழுக்களின் துப்பாக்கிச்சூடுகளால் கொட்டாஞ்சேனையின் பெயர் செய்திகளில் அடிபடுகிறது. 2025 பெப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டப்புத்தகத்தைக் குடைந்து மறைத்துக் கொண்டுவந்த கைத்துப்பாக்கியால் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளைத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டிருந்தது. இந்தச் சூழலில் தனியார் கைத்துப்பாக்கிச் சேகரிப்புக்கு வழிவிடச் சொல்லி வாதிடுவது பொறுப்பற்ற செயல். நான் அதைக் கேட்கவில்லை.

இரத்தம் படிந்த சான்றுகள்

நம் அண்மைய வரலாற்றின் திருப்பங்கள் பலவற்றில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. 1959 செப்டம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டது சுழல்துப்பாக்கியால். 1975 ஜூலை 27 அன்று யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலைக் கோயிலில் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பின், 1987 ஓகஸ்ட் 5 அன்று பலாலியில் ஆயுத ஒப்படைப்பு நடந்தபோது, விடுதலைப் புலிகளின் சார்பில் யோகி மேசையில் வைத்தது ஒரு மவுசர் கைத்துப்பாக்கி. அன்று அந்தக் காட்சியில் அமைதியைக் கண்டவர்கள் பலர். சில வாரங்களில் அந்த நம்பிக்கை சிதைந்தது.

இத்தகைய ஒரு மவுசர் ஏலத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பாட் காரெட்டின் கோல்ட் விடை சொல்கிறது. கொலையின் புகழே விலையாகும். வாங்குபவர் அதைத் தம் வரவேற்பறையில் வெற்றிச் சின்னமாகவோ வீரச் சின்னமாகவோ வைப்பார். உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு அந்தக் கதையில் இடம் இராது. இதனால்தான் இந்தப் பொருள்களைக் காட்டும் உரிமையைச் சேகரிப்பாளரிடமோ, போரில் ஒரு தரப்பாக இருந்த அமைப்பிடமோ மட்டும் விட முடியாது. படைத்தரப்பின் வெற்றிக் கண்காட்சி எவ்வளவு ஒருபக்கமானதோ, இயக்கப் பெருமிதக் கண்காட்சியும் அவ்வளவு ஒருபக்கமானது. கொன்றவர், கொல்லப்பட்டவர், அந்த ஊரில் எஞ்சி வாழ்ந்தவர் ஆகிய மூவரின் கதையும் ஒரே விளக்கப்பலகையில் மூன்று மொழிகளிலும் வரவேண்டும். அதைச் செய்யக்கூடிய இடம் பொது நூதனசாலை ஒன்றே.

செய்யத்தக்கவை

முதலாவது, அச்சமில்லாத ஒப்படைப்பு வழி. பழைய துவக்கை வைத்திருக்கும் குடும்பம் பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தேவையின்றி, நூதனசாலையும் தொல்பொருளியல் திணைக்களமும் சேர்ந்து நடத்தும் அலுவலகமொன்றில் கையளிக்க முடியவேண்டும். குறித்த காலத்துக்குள் கையளிப்போர்மீது வழக்கில்லை என்ற உறுதி சட்டத்தில் எழுதப்படவேண்டும். அறிவித்தல் தமிழிலும் வரவேண்டும். வாய்மொழி வாக்குறுதியை நம்பி வெள்ளவத்தையில் எவரும் கதவைத் திறக்கமாட்டார்கள்.

இரண்டாவது, அழிப்பதற்கு முன் பார்வையிடல். 2005 ஜூலையில் கொழும்புச் சுதந்திரச் சதுக்கத்தில் ஏறத்தாழ 35,000 சட்டவிரோத, கைவிடப்பட்ட துவக்குகள் அழிக்கப்பட்டன. துவக்குகள் அழிக்கப்படவேண்டும் என்பதில் எனக்கு இருமனம் இல்லை. ஆனால் ஒவ்வோர் அழிப்புக்கும் முன் நூதனசாலை வல்லுநர் ஒருவர் தொடரிலக்கம், முத்திரை, கிடைத்த இடம் ஆகியவற்றைப் பதிவுசெய்து, வரலாற்றுக்குரிய ஒருசிலவற்றைச் செயலிழக்கச்செய்து எடுத்துவைக்கவேண்டும். தஞ்சாவூரில் ஒருசில பெட்டிகளைக் காப்பாற்றியது போன்ற தெரிவு அது.

மூன்றாவது, சட்டத்தின் காலக்கோடு. 1815 என்ற எல்லையை விட்டு, குறைந்தது நூறு ஆண்டு தாண்டிய சுடுகலனை நூதனசாலையின் மதிப்பீட்டின்பேரில் பண்பாட்டுச் சொத்தாகக் கொள்ள வழிவேண்டும். பிரித்தானிய ஏற்பாட்டைப் பின்பற்றி, உரிமை குடும்பத்திடம் இருக்க, இருப்பிடம் நூதனசாலையாக இருக்கலாம். கொடுத்தவர் விரும்பினால் அவருடைய குடும்பப்பெயர் விளக்கத்தில் வரட்டும், விரும்பாவிட்டால் மறைக்கப்படட்டும்.

நான்காவது, பட்டியல். டி சில்வா வெளிநாடுகளில் இருந்தவற்றுக்குச் செய்ததை, உள்நாட்டுக் களஞ்சியங்களிலும் நீதிமன்றச் சான்றறைகளிலும் இருப்பவற்றுக்கு எவராவது செய்யவேண்டும். பகத்சிங்கின் கோல்ட்டுக்கு வாய்த்ததுபோல ஓர் இலக்கமும் ஒரு வழக்கேடும் பொருந்தும் நாள் இங்கேயும் வரக்கூடும். அதற்கு ஏடுகள் முதலில் அழியாமல் இருக்கவேண்டும்.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழும். அரச நிறுவனங்களிலிருந்தும் பொருள்கள் தொலைகின்றனவே என்பது ஒன்று. அது நியாயமான அச்சம். பட்டியல் பகிரங்கமாக இருந்தால் தொலைந்தது தெரியவரும். யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்திருக்கும். தனியார் பெட்டகத்தில் தொலைவது எவருக்கும் தெரிவதில்லை. இவ்வளவு இரத்தம் சிந்திய நாட்டில் துவக்குகளைக் காட்சிப்படுத்துவதே தவறு என்பது மற்றது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆயினும் கண்ணுக்கு மறைத்த ஆயுதம் புராணமாக வளரும். சுடமுடியாதபடி முடக்கி, யாரைக் கொன்றது என்று எழுதி, கண்ணாடிக்குப் பின்னே வைத்த ஆயுதத்தின்மீது இளையோருக்கு மோகம் பிறப்பது அரிது.

சேகரிப்பாளரின் ஆர்வத்தில் உயர்ந்த பண்பொன்று உண்டு: தன்னிடம் இருப்பதை அறிந்து, பிறரோடு பகிர்ந்து, தவறான தகவலைத் திருத்திக்கொள்ளும் பண்பு. அதை நாம் எடுத்துக்கொள்ளவேண்டும். ஆனால் இங்கே பகிர்வதற்குரிய முற்றம் ஒருவரின் வீடாக இருக்க முடியாது. கண்டிக் கம்மாளரின் இடப்பக்கச் சுடுபொறியையும், தோட்டத் துரையின் வெப்லியையும், பலாலி மேசையில் வைத்த மவுசர் போன்ற சான்றுகளையும் ஒரே வரலாறாகப் படிக்கக்கூடிய கூடமொன்றைக் கொழும்புத் தேசிய நூதனசாலை அமைக்கவேண்டும். நெதர்லாந்திடம் கேட்டு வாங்கிய நாடு, தன் சொந்த மக்களிடமும் அதே மரியாதையோடு கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் கொடுப்பதற்கு ஆட்கள் இருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.